ஆசியா: ஒரு பெயர், இரு எழுத்து



பெண் குழந்தைக்கு 'ஆசியா' எனப் பெயரிட விழையும் பெற்றோரிடம், "நபி (ஸல்) அவர்கள் மாற்றிய பெயராயிற்றே!" என உறவினர் தடுப்பதுண்டு. செய்தி உண்மையே. உமர் (ரலி) அவர்களின் மகளொருவருக்கு இருந்த அப்பெயரை அண்ணலார் 'ஜமீலா' என மாற்றியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

ஆனால் அப்பெயர் 'ஐன்', 'ஸாத்' எழுத்துக்களைக் கொண்டது. மாறுசெய்பவள் என்பது அதன் பொருள். ஃபிர்அவ்னின் அரண்மனையிலும் ஈமானைக் காத்து, சுவனத்தில் தமக்கொரு வீடு கேட்டு இறைஞ்சினார்களே (திருக்குர்ஆன் 66:11), அந்த அம்மையாரின் பெயர் 'அலிஃப்', 'ஸீன்' கொண்டு எழுதப்படுவது. அரபியில் இவை வெவ்வேறு பெயர்கள். தமிழில் எழுதினால் வேறுபாடு மறைந்துவிடுகிறது. வளைகுடா நாட்டு அடையாள அட்டையில் அரபியில் எழுதுபவரும் ஒலியை மட்டும் கேட்டு மாற்றி எழுதிவிடக் கூடும்.

ஆகவே, இப்பெயர் தாங்கிய சகோதரிகளே, கலங்காதீர்கள். உங்கள் பெற்றோர் மனத்தில் கொண்டது அந்த அம்மையாரைத்தான். எந்தத் தகப்பன் தன் மகளை 'மாறுசெய்பவள்' என்றழைப்பான்?

இன்னொன்று. அப்துர் ரஹ்மானை 'அப்துல்' என்று மட்டும் கூப்பிடுகிறோம். அடியான் என்கிறோம்; எவனுடைய அடியான் என்பதை விழுங்கிவிடுகிறோம்! அல்லாஹ்வுக்கு மிக உவப்பானவை அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் எனும் பெயர்கள் என்பது நபிமொழி.

பெற்றோரே, பெயரை அரபியில் எழுதித் தருமாறு உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள். ஏழாம் நாள் அகீகாவுக்கு முன்பே கேட்டுவிடுவது நலம். பிறப்பைப் பதிந்தபின் சான்றிதழில் பெயர் சேர்க்க 12 மாதங்கள் வரை கட்டணமில்லை. அங்கே அவசரப்பட வேண்டியதில்லை.