வேருக்கு இரு துணைகள்

மாத்தளை நகருக்கு வடக்கே அமைந்துள்ள பல்லேபொல, ஈர வலயத்துக்கும் உலர் வலயத்துக்கும் இடைப்பட்ட நிலம். பெரும்போகத்தில் பருவமழை வயலை நனைத்துவிடும். சிறுபோகத்திலோ கமக்காரர் வானத்தையும் குளத்தையும் மாறிமாறிப் பார்த்திருக்க வேண்டும். அங்கே பயிர் ஒன்று மழையின்றி இன்னும் பத்து நாள் தாங்குமாயின், கடனை அடைப்பதும் அடைக்காது விடுவதும் அந்தப் பத்து நாளைப் பொறுத்திருக்கலாம்.

அத்தகைய தாங்குசக்திக்கு உதவும் துணை ஒன்று மண்ணிலேயே உண்டு. வேரிற் குடியேறும் ஒருவகைப் பங்கசு, அதாவது பூஞ்சணம், அது. 1885இல் ஜெர்மானிய அறிஞர் பிராங்க் இத்தகைய உறவுக்கு மைக்கோரைசா என்று பெயரிட்டார். 'பங்கசு வேர்' என்பது பொருள். வேர்மயிரும் நுழையமாட்டாத மண்ணிடுக்குகளில் இதன் இழைகள் புகுந்து நீரையும் பொசுபரசையும் கொணரும். பயிரோ, இலையில் ஆக்கிய சர்க்கரையில் ஒரு பங்கைக் கூலியாக அளிக்கும். மிளகு, சோளம், பயறு ஆகியன இக்கொடுக்கல் வாங்கலிற் சேரும். கோவா, முள்ளங்கி, கடுகு ஆகியன சேரா. அவற்றுக்கு இதனை இடுவது வீண்செலவு.

உயிருள்ள வேரின்றி இப்பங்கசு வளராது. ஆதலின் சட்டிகளிற் சோளம் வளர்த்து, வேரோடும் மண்ணோடும் அதனைத் திரட்டுவர். மிளகுத் தண்டை நாற்றுப்பையில் ஊன்றும்போதே வேர்விடும் இடத்தில் இதனை இடவேண்டும். இலைமீது தெளிப்பதாற் பயனில்லை.

அண்மைக் காலத்தில் ஆராய்ச்சியாளர் இதனோடு நனோ துணிக்கைகளையும் சேர்த்துச் சோதிக்கின்றனர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே நனோமீற்றர். நூறு நனோமீற்றருக்கு உட்பட்டவை இத்துணிக்கைகள். சிலிக்காத் துணிக்கைகள் இலைத்தோலிற் படிந்து, நீர் வீணே ஆவியாவதைக் குறைக்கக் கூடும். இக்கலை இலங்கைக்குப் புதிதன்று. யூரியாவை நனோ துணிக்கையோடு பிணைத்து மெல்லக் கரையச் செய்யும் வழியை இந்நாட்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டனர்.

எனினும் எல்லாத் துணிக்கையும் பங்கசுக்கு நட்பன்று. துத்தநாக ஒட்சைட்டுத் துணிக்கை சிறிதளவிற் பயிருக்கு ஊட்டமாகும். மிகுந்தாலோ, பங்கசு வேரிற் படர்வதைத் தடுக்கும். கண்டவாறு கலந்து இடுபவர் ஒரு துணையைக் கொண்டே மறு துணையைக் கொன்றவர் ஆவார். மிகையான பொசுபேற்று உரமும், அடிக்கடி ஆழ உழுவதும் அத்தகைய தீங்கையே செய்வன.

மேட்டுநிலத்தை அறுவடைக்குப் பின் வெறுந்தரையாக விடாது பயறோ கௌபியோ விதைத்து வைத்தால், அடுத்த பயிர் வரும்வரை பங்கசுக்கு இருக்க இடம் கிடைக்கும். இதற்கு ஒரு பிடி விதையே செலவு. புதுத் துணிக்கையை வாங்குவோர் முதலில் ஒரு பாத்தியில் மட்டும் இட்டு, அருகே இடாத பாத்தி ஒன்றையும் வைத்து, மழையில்லா நாட்களில் எது முந்தி வாடுகிறது என்று பார்க்கலாம்.