கீழ்ப்படியிற் சேர்ந்தவர்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்பாடசாலையிற் படித்து வைத்தியத் துறைக்குப் போனவர்கள் சார்பில் பேசுவதால் "நாங்கள்" என்றே சொல்லிக்கொள்கிறோம். வைத்தியரை மேடையேற்றினால் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பற்றிப் பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். ஆனால் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொழில் பற்றி ஏதாவது சொல்லும்படி சங்கத்தினர் கேட்டார்கள். அதனால் படைகளில் உள்ள ஒரு பதவியைப் பற்றிப் பேசப்போகிறோம். சிப்பாயாகச் சேர்ந்தவர் வொரண்ட் அதிகாரி ஆவது எப்படி என்பதே எமது பொருள்.

வன்னியில் நின்று படையைப் பற்றிப் பேசுவது இலேசான காரியமல்ல. அந்தச் சொல்லைக் கேட்டதும் மனம் இறுகாதவர்கள் இந்த மண்டபத்திற் குறைவு. எவரையும் படையிற் சேரச் சொல்லி நாங்கள் வரவில்லை. கடைசிப் படியிற் சேர்ந்தவருக்கும் மேலே போக ஒரு வழியை எழுதிவைத்த நிறுவனங்களில் படை பழையது. அந்த வழி எப்படிப் போகிறது, எங்கே முடிகிறது என்று பார்த்தால், எமது வைத்தியசாலைகளிலும் கிராமங்களிலும் வேலை செய்யும் எங்கள் தோழிகளின் நிலை விளங்கும்.

முதலில் அந்தச் சொல். "வாறண்டு" என்றால் எங்கள் ஊரில் பிடியாணைதான் நினைவுக்கு வரும். இங்கே அது அதிகாரம் கொடுக்கும் பத்திரம். ஆங்கிலேயர் வழிவந்த படைகளில் மேலதிகாரிகள் அரசனிடமிருந்து, குடியரசானால் சனாதிபதியிடமிருந்து, ஆணைப்பத்திரம் பெறுவார்கள். இரண்டாம் லெப்டினன்டிலிருந்து மேலே உள்ளவர்கள் அவர்கள்தான். படித்து, தெரிவாகி, பயிற்சிக் கல்லூரிக்குப் போய், இருபது இருபத்திரண்டு வயதிலேயே அந்த இடத்துக்கு வந்துவிடலாம். சிப்பாயாகச் சேருபவரின் பாதை வேறு. அந்தப் பாதையின் உச்சிக்கு வந்தவருக்கு, ஆணைப்பத்திரத்திலும் ஒரு படி குறைந்த பத்திரம் ஒன்று கிடைக்கும். அதுதான் வொரண்ட்.

எங்கள் நாட்டுத் தரைப்படை 1949இல் அமைக்கப்பட்டபோது பிரித்தானியரின் ஏணியை அப்படியே எடுத்துக்கொண்டது. சிப்பாய், லான்ஸ் கோப்ரல், கோப்ரல், சார்ஜன்ட், ஸ்டாஃப் சார்ஜன்ட், பிறகு இரண்டாம் தர வொரண்ட் அதிகாரி, முடிவில் முதலாம் தர வொரண்ட் அதிகாரி. ஒவ்வொரு படிக்கும் இத்தனை ஆண்டுச் சேவை வேண்டும். அந்தப் படிக்குரிய பயிற்சிநெறியையும் பரீட்சையையும் முடிக்க வேண்டும். தண்டனைப் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும், உடல் தகுதி வேண்டும், மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதும் அறிக்கை நன்றாக இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தாலும் இடம் காலியாக வேண்டும். ஒரு கம்பனிக்கு ஒரு சார்ஜன்ட் மேஜர், அவர் இரண்டாம் தரத்தவர். பல நூறு பேர் கொண்ட ஒரு பட்டாளியனுக்கு ஒரேயொரு ரெஜிமென்ட் சார்ஜன்ட் மேஜர், அவர் முதலாம் தரத்தவர். பிரித்தானியாவில் அந்த இடத்தைத் தொடுவதற்கு ஏறத்தாழ பதினெட்டு ஆண்டு நல்ல சேவை வேண்டும் என்பார்கள். நூறு பேர் ஒரே நாளிற் சேர்ந்தால் ஒருவரோ இருவரோதான் அங்கே போய்ச் சேருவார்கள்.

போய்ச் சேர்ந்தவரின் நிலை விசித்திரமானது. சட்டப்படி, நேற்றுப் பயிற்சி முடித்து வந்த இரண்டாம் லெப்டினன்ட் அவருக்கு மேலே. நடைமுறையில் அந்த இளைஞன் அவரிடம்தான் தொழில் பழகுகிறான். பிரித்தானியாவில் சிப்பாய்கள் அவரை "சேர்" என்பார்கள், அதிகாரிகள் "மிஸ்டர்" சேர்த்துப் பெயர் சொல்லுவார்கள். இந்தியாவில் இதற்கு ஒப்பான நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகியோரைக் கேணலும் "சாகிப்" என்றுதான் அழைப்பார். நீலகிரி வெலிங்டனில் நிலையம் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்டிலும் அதே வழக்கம்தான். சியாச்சின் பனிமலையில் 1987இல் ஓர் எதிரி அரணைப் பிடித்துப் பரம்வீர் சக்கரம் பெற்ற பாணா சிங் அப்போது நாயிப் சுபேதார். ஓய்வுக் காலத்தில் அவருக்குக் கௌரவ கப்டன் பதவி கொடுத்தார்கள். "கௌரவ" என்ற அந்த அடைமொழியைக் கவனியுங்கள். ஏணி எங்கே முடிகிறது என்பதை அது சொல்லிவிடுகிறது.

இந்த மரியாதையும் ஒரே நாளில் வந்ததல்ல. பிரித்தானியத் தரைப்படையில் 1879இல்தான் வொரண்ட் தரம் வந்தது. அதுவும் முதலிற் களஞ்சியம், விநியோகம் பார்த்தவர்களுக்கு. இரண்டு ஆண்டு கழித்துச் சார்ஜன்ட் மேஜர்களுக்குக் கிடைத்தது. முதல் உலகப் போர் நடுவில், 1915இல், இரண்டு தரமாகப் பிரித்தார்கள். ஆள் தேவைப்படும்போதுதான் நிறுவனங்களுக்குக் கீழே நிற்பவரின் அறிவு கண்ணிற் படுகிறது. அமெரிக்காவையும் பாருங்கள். அங்கே வொரண்ட் அதிகாரி என்றால் ஒரு தொழில்நுட்பத்தைக் கரைத்துக் குடித்தவர். தரைப்படை ஹெலிகொப்டர் ஓட்டுபவர்களிற் பெரும்பாலோர் அவர்களே. சேவையில் இருப்பவர் தாமே விண்ணப்பம் போட்டு, பரிந்துரைக் கடிதங்கள் சேர்த்து, தெரிவுக்குழுவைத் தாண்டி, அதற்கென உள்ள பயிற்சிப் பள்ளியை முடிக்க வேண்டும். அமெரிக்க வான்படை இந்தத் தரமே வேண்டாம் என்று 1950களின் இறுதியிற் கைவிட்டிருந்தது. கணினி வலையமைப்புத் தெரிந்தவர்களைத் தக்கவைக்க முடியாமல் 2024இல் மீண்டும் கொண்டுவந்தது.

இனி எங்கள் தொழிலுக்கு வருவோம். ஒரு காலத்தில் வைத்தியர்களே வொரண்ட் அதிகாரிகளாக இருந்தார்கள் என்று சொன்னால் வைத்தியத் தோழிகள் சிலருக்குப் பிடிக்காது. ஆனால் அது உண்மை. பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களில் சத்திரசிகிச்சை செய்தவர், தச்சரோடும் பீரங்கிக்காரரோடும் ஒரே வகை வொரண்டில் வேலைக்கு வந்தவர். 1843இல்தான் அவருக்கு ஆணைப்பத்திரம் கிடைத்தது. தமிழர் பக்கத்தில், 1835இல் சென்னையில் ஆரம்பித்த மருத்துவப் பள்ளி, பின்னாளைய சென்னை மருத்துவக் கல்லூரி, படைக்கும் அரசுக்கும் வேண்டிய கீழ்நிலை வைத்திய உதவியாளரை உருவாக்கத் தொடங்கியதுதான். அந்தப் படையின் அப்போதிக்கரிமார் வொரண்ட் தரத்தவர்கள்.

அப்போதிக்கரி! எங்கள் அம்மம்மாமார் இந்தச் சொல்லைச் சொல்லும்போது குரலே மாறும். இலங்கையிலும் அந்தப் பதவி இருந்தது. பின்னர் உதவி வைத்தியர் என்று பெயர் மாறியது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமல், வேலையிற் பழகி, பரீட்சை எழுதிப் பதிவுபெற்றவர்கள் அவர்கள். பட்டம் பெற்றவர்கள் வர மறுத்த குளக்கரை வைத்தியசாலைகளை ஆண்டுக்கணக்காக நடத்தியவர்களும் அவர்களே. மலேரியாக் காய்ச்சலா, டைபோயிட்டா என்று ஆய்வுகூடம் இல்லாமற் பிரித்துப் பார்த்தார்கள். இப்போது அந்தப் பயிற்சி இல்லை. இருந்தவர்களும் ஓய்வுபெற்றுவருகிறார்கள்.

அவர்களின் இடத்தில் இன்று எங்கள் கிராமங்களைத் தாங்குபவர் குடும்பநல உத்தியோகத்தர். ஊரவருக்கு இன்னும் "மிட்வைப் அக்கா". ஒன்றரை ஆண்டுப் பயிற்சி, அதற்குப் பின் ஏறத்தாழ 3000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து, இலங்கையின் தாய்சேய் நலத்தைப் புகழ்ந்து உலகம் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் இவர்களின் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் ஓடியதுதான். 2009இல் செட்டிகுளத்து முகாம்களில், தாமும் இடம்பெயர்ந்து கூடாரத்தில் இருந்துகொண்டே கர்ப்பிணிகளைத் தேடித் திரிந்தவர்கள் இருந்தார்கள். பதவிப் பட்டியலில் அதற்கென்று ஒரு படி இல்லை.

உள்ளகப் பயிற்சி வைத்தியராக முதல் வேலைக்குப் போகும் எல்லோருக்கும் அந்த இரண்டாம் லெப்டினன்டின் கதைதான். கையில் அதிகாரம் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு, இருபது வருடம் விடுதியில் நின்ற தாதி வந்து, "டொக்டர், அந்தப் பிள்ளையை ஒருக்கால் திரும்பப் பாருங்கோ, முகம் சரியில்லை" என்பார். எண்களெல்லாம் சரியாகத்தான் இருக்கும். எழும்பிப் போய்ப் பார்ப்பவரே நல்ல வைத்தியராவார். நாங்கள் தொழில் பழகியது பேராசிரியர்களிடம் பாதி, அந்தத் தாதியரிடம் மீதி.

அவர்களுக்கு ஏணி இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. தாதியருக்கு மூன்றாம் தரம், இரண்டாம் தரம், முதலாம் தரம், அதற்கு மேல் விசேட தரம். குடும்பநல உத்தியோகத்தருக்கு மேற்பார்வைப் பதவி ஒன்று உண்டு. அதற்கு மேலே வழி ஒடுங்கிவிடுகிறது. படையிலுள்ள ஒரு விஷயம் இங்கே குறைகிறது என்பது எமது எண்ணம். அங்கே தொழில் அறிந்த மூத்தவரின் இடம் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது. கேணல் ஒரு முடிவெடுக்கும் முன் சார்ஜன்ட் மேஜரைக் கூப்பிட்டுக் கேட்பது வழக்கமான நடைமுறை. எங்கள் கூட்டங்களில் குடும்பநல உத்தியோகத்தர் அறிக்கை வாசித்துவிட்டு உட்காருகிறார். அவரிடம் எவரும் கேள்வி கேட்பதில்லை.

இருக்கிற படிகளிலும் எங்கள் பிள்ளைகள் ஏறாமல் நிற்பதற்குக் காரணங்கள் உண்டு. வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சை ஒன்று. இரண்டாம் மொழி இன்னொன்று. 2007 யூலை 1க்குப் பின் அரச சேவையிற் சேர்ந்தவர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். எங்களுக்கு அது சிங்களம். வகுப்புக்கு வவுனியா நகரத்துக்குப் போக வேண்டும். வேலை, பிள்ளை, பஸ் எல்லாம் பார்த்தபின் படிப்பு பின்னுக்குப் போகிறது.

படைக்காரர் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். பிரித்தானியத் தரைப்படை 1861இலேயே கல்விச் சான்றிதழ்களை ஏற்படுத்தியது. கோப்ரலாக மூன்றாம் வகுப்பு, சார்ஜன்டாக இரண்டாம் வகுப்பு, ஆணை பெற முதலாம் வகுப்பு. அந்த வகுப்புகளைப் பாசறைக்குள்ளேயே நடத்தினார்கள். வில்லியம் ரொபேட்சன் என்றொருவர். வீட்டு வேலையாளாக இருந்து, 1877இற் பதினேழு வயதிற் சிப்பாயாகச் சேர்ந்து, சார்ஜன்ட் மேஜராகி, 1888இல் ஆணை பெற்றார். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது உருது, இந்தி, பஞ்சாபி, பஷ்டு, பாரசீகம் என்று ஒவ்வொரு மொழியாகப் பரீட்சை எழுதித் தேறினார். சம்பளம் போதாதவருக்கு மொழித் தேர்ச்சிக்கான கொடுப்பனவும் தேவைப்பட்டது. 1920இல் பீல்ட் மார்ஷல் ஆனார். சிப்பாய் நிலையிலிருந்து அந்த உச்சிக்குப் போனவர் அந்தப் படையின் வரலாற்றில் அவர் ஒருவரே. ஒருவரே என்பதையும் பிள்ளைகள் மறக்கக்கூடாது, ஏணி இருந்தாற் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை.

சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். எமது புலமைப்பரிசில்கள் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகளையே தேடிச் செல்கின்றன. இசட் புள்ளியிற் கொஞ்சம் தவறிப்போய், தாதியாக, குடும்பநல உத்தியோகத்தராக, சிற்றூழியராகச் சேர்ந்த எங்கள் பழைய மாணவிகள் தொகையில் அதிகம். அவர்களுக்காக இந்தப் பாடசாலையிலேயே ஒரு வகுப்பறையைச் சனிக்கிழமைகளில் திறந்துவிடுங்கள். காலையில் சிங்களம், மதியத்துக்குப் பின் தடைதாண்டல் பரீட்சைக்குரிய பாடம். சிங்களம் படிப்பிக்க ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கிடைப்பார். பின்னேர வகுப்பை நாங்கள் முறைவைத்து எடுக்கிறோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருபவர்களுக்குப் பக்கத்து அறையில் யாராவது அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் அக்காமார், ஆசிரியை வந்துபோகும் பஸ் செலவையும் மதியச் சாப்பாட்டையும் பொறுப்பேற்றாற் போதும். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுக்கலாம்.