மலைமுகட்டுக் காடு



இரத்தினபுரி நகரில் நின்று வடகிழக்கே நோக்குவோர், வானம் தெளிந்த காலைப்பொழுதில் ஒரு நீலச் சுவரைக் காண்பர். அச்சுவரின் மேற் கூம்பாக உயர்ந்து நிற்பது சிவனொளிபாத மலை. அதன் உயரம் 2,243 மீற்றர். நகரிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் 20 கிலோமீற்றர் தூரமும் இல்லை. இத்துணைக் குறுகிய தொலைவில் நிலம் இவ்வளவு உயர்வதே சப்ரகமுவையின் தனியியல்பு.

யாத்திரிகரிற் பெரும்பாலோர் நல்லதண்ணி வழியாக ஏறுவர். அப்பக்கம் நிலம் முன்னரே உயர்ந்திருப்பதால் ஏற்றம் குறைவு. பலாபத்தலை வழி நடப்போரோ அடிவாரம் முதல் முகடு வரை காட்டின் படிகள் அனைத்தையும் கடப்பர். கீழே ஹொர மரங்கள் தூண்களென நிமிர்ந்து நிற்கும். ஏற ஏற மரங்கள் குறுகும்; காற்றினால் வளையும்; கிளைகளிற் பாசி படரும். மழையற்ற நாளிலும் அப்பாசியினின்று மூடுபனி நீர் சொட்டிக்கொண்டேயிருக்கும்.

தென்மேற்குப் பருவக்காற்று முதலில் மோதும் உயர்ந்த மலைகளுள் இதுவும் ஒன்று. முகட்டின் தென்புறத்து நீர் களுகங்கையாகிறது. வடபுறத்து நீர் மஸ்கெலியா ஓயா வழியே களனி கங்கையைச் சேர்கிறது. இரத்தினக்கல் அகழ்வோர் வயலடியில் தேடும் ‘இல்லம்’ என்னும் பரற்படையும், இம்மலைநாட்டுப் பாறைகள் சிதைந்து ஆற்றுவழி வந்து படிந்ததேயாகும்.

கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைச்சரிவுகள் வெட்டி வெளியாக்கப்பட்டன. 1873-ஆம் ஆண்டில் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் உயர்மலைக் காடுகளைக் காக்குமாறு வற்புறுத்தினார். 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பது தடுக்கப்பட்டது. 1940-இல் இம்மலைவனம் சரணாலயமாயிற்று. 2010-இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

தோட்டத்து மக்களுக்கு இக்காடு வெறுங் காட்சியன்று. லயத்தின் அருகே இரவும் பகலும் விழும் பீலித் தண்ணீர், மேலேயுள்ள காடு உறிஞ்சிச் சிறிது சிறிதாக விடும் நீரே. காடு குறைந்தால் மாரியிற் கலங்கலும் கோடையில் வறட்சியும் வரும்.

மலையின் மறுமுகத்தையும் நாம் மறத்தலாகாது. 2016-ஆம் ஆண்டு மே மாதப் பெருமழையிற் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடிற்று. அதே மழையில் புலத்கொஹுபிட்டியவிலே தோட்டக் குடியிருப்பொன்றும் மண்ணுள் மறைந்தது. எல்லாச் சரிவையும் காடு தடுத்துவிடும் என்பதற்கில்லை. ஆயினும் வேர்கள் மண்ணைப் பிணிக்கின்றன. வேரற்ற செங்குத்துச் சரிவு மழைக்கு எளிதில் இடங்கொடுக்கிறது.

ஆதலால், தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் எல்லையை எவரும் வெற்று நிலமென்று எண்ணற்க. அங்கே ஒரு மரம் வீழ்ந்தால், அதன் விளைவை முதலில் அறிவது கீழேயுள்ள பீலியடிதான்.