ரோட்டில் வருணாசிரமம்

(சிற்றூர் வாசகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியது)



இன்று நாம் கடவுளைப் பற்றியோ, புராணத்தைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்து நீங்கள் வந்திருக்கலாம். நாமும் அந்த உத்தேசத்தோடுதான் புறப்பட்டோம். ஆனால் வழியில் கண்ட ஒரு காட்சி அதை மாற்றிவிட்டது. ஆகவே சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறோம். சிலர் சிரிக்கிறீர்கள். சைக்கிளைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டீர்களானால், இதுவும் ஜாதிப் பேச்சுதான் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

சங்கதி இதுதான். பஸ் நிற்குமிடத்திலிருந்து நம்மைக் கூட்டிவர ஒரு பையன் வந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் சர்க்கார் கொடுத்த சைக்கிளில் வந்தான். நமக்கும் ஒரு சைக்கிள் ஏற்பாடு செய்திருந்தார்கள். இருவரும் பேசிக்கொண்டே வந்தோம். ஊர்த்தெரு முனை வந்ததும் பையன் குதித்து இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கலானான். "என்ன தம்பி, பஞ்சரா?" என்று கேட்டோம். "இல்லீங்க ஐயா. இந்தத் தெரு முடியிற வரைக்கும் நாங்க தள்ளிக்கிட்டுத்தான் போவோம். நீங்க ஏறிப் போங்க" என்றான். அவன் முகத்தில் வருத்தமுமில்லை, கோபமுமில்லை. மழை வந்தால் ஒதுங்குவதுபோல, தெரு வந்தால் இறங்குவது என்று பழகிப் போயிருக்கிறது. தோழர்களே! அவன் இறங்கியதைவிட, அதைச் சாதாரணமாகச் சொன்னதே நமக்கு அதிக வேதனையைக் கொடுத்தது. நாமும் இறங்கி அவனோடு தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தோம்.

இதைக் கொஞ்சம் பகுத்தறிவோடு யோசித்துப் பாருங்கள். அதே பையன், அதே சைக்கிள், அதே தெரு. தள்ளிக்கொண்டு போனால் கெடாத தெரு, ஏறிக்கொண்டு போனால் எப்படிக் கெட்டுப்போகும்? தீட்டு என்றால் நடந்து போனாலும் தீட்டுத்தானே? ஆகையால் இங்கே தீட்டு என்ற பொய்க்குக்கூட இடமில்லை. பின் என்ன? உயரம்! பெடலை மிதித்து ஏறி உட்கார்ந்தால், அவன் தலை திண்ணையில் உட்கார்ந்திருப்பவருடைய தலைக்குமேல் ஓரடி உயர்ந்துவிடுகிறது. அந்த ஓரடியைத்தான் பொறுக்க முடியவில்லை. 1930 இல் இராமநாதபுரம் ஜில்லாவில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு விதித்த கட்டுப்பாடுகளில், குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்பவையும் உண்டு. குடையும் செருப்பும் சைக்கிளும் வெவ்வேறு சாமான்கள். ஆனால் அவற்றின்மேல் வரும் ஆத்திரம் ஒன்றுதான்.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். ஆயுத பூசை வந்தால் இதே சைக்கிளைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிடுகிறோம். இரும்புக்குச் சந்தனம், அதை ஓட்டுகிற மனிதனுக்கு "இறங்கு" என்ற வசவு! இரும்பைக் கும்பிட்டு மனிதனை இறக்கிவிடுகிற புத்திக்குத்தான் பக்தி என்று பெயரா என்று கேட்கிறோம்.

ரோட்டுச் சண்டை நேற்று வந்ததல்ல. 1893 இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி என்பவர், தம் இனத்தார் நடக்கவே கூடாத பொது ரோட்டில், வில்வண்டி பூட்டி அதில் ஏறி உட்கார்ந்து போனார். 1924 மார்ச்சு 30 ஆம் தேதி வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கோயிலுக்குள் போவதற்குக்கூட அல்ல. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்கு! அதற்காகப் பெரியார் இரண்டு தடவை சிறை சென்றார். நாகம்மையாரும் போராட்டத்தில் இறங்கினார். 1925 இன் முடிவில்தான் மூன்று பக்கத்துத் தெருக்கள் திறந்தன. சென்னை மாகாணத்திலும் 1924 இலேயே இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, பொது ரோடுகளிலும் தெருக்களிலும் எந்த வகுப்பாரும் நடக்கத் தடையில்லை என்று சர்க்கார் உத்தரவே பிறந்தது. பிறகு 1950 இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம் 15 ஆவது பிரிவில் கிணறு, குளம் ஆகியவற்றோடு ரோட்டையும் பெயர் சொல்லியே சேர்த்து, ஜாதியைக் காட்டி யாரையும் தடுக்கக்கூடாது என்றது.

இவ்வளவும் ஆனபிறகு என்ன நடந்தது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015 இல் திருத்தினார்கள். அதில் என்ன எழுத வேண்டி வந்தது தெரியுமா? தாழ்த்தப்பட்டவரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிப்போவதையும், செருப்பும் புதுத்துணியும் அணிவதையும் தடுத்தால் குற்றம் என்று எழுதினார்கள். ஆறு மாதத்திற்குக் குறையாமல் ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனை. அது 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. சந்திரனுக்கு யந்திரம் அனுப்பிய பிறகு, சைக்கிளில் ஏறுகிறவனை இறக்காதே என்று ஒரு தேசம் சட்டம் எழுத நேர்ந்தது என்றால், அது யாருக்கு அவமானம்? சட்டம் செய்தவர்களுக்கல்ல, செய்ய வைத்த நமக்குத்தான்.

தாய்மார்களே! இனி உங்கள் சங்கதிக்கு வருகிறோம். சைக்கிள்மேல் ஆண்பிள்ளைகளுக்கு இருந்த கோபம் நம் நாட்டில் மட்டுமல்ல. 1897 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில், பெண்களுக்கும் பட்டம் கொடுக்கலாமா என்ற ஓட்டெடுப்பு நடந்தது. அதை எதிர்த்த மாணவர்கள், பெண் சைக்கிள் விடுவதுபோல் பொம்மை செய்து தெருவுக்கு மேலே தொங்கவிட்டார்கள். பட்டத்திற்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? படித்த பெண்ணும், தன் காலாலேயே தன் இஷ்டப்படி போகிற பெண்ணும் ஒன்றுதான் என்பது அவர்களுக்கு நன்றாய்த் தெரிந்திருந்தது. அங்கே பெண்களுக்கு முழுப்பட்டம் 1948 இல்தான் கிடைத்தது.

நம் புதுக்கோட்டையில் என்ன நடந்தது? 1991 இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். கல் உடைக்கும் பெண்களும், வயல்வேலைப் பெண்களும், நர்சுகளும், ஆசிரியைகளும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். முதலில் தெருவில் கேலியும் கெட்ட வார்த்தையும் கிடைத்தன. அவர்கள் இறங்கவில்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே மேல் என்றும் கண்டார்கள். பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம், முன்னால் பிள்ளை, மிதிப்பது தாய். எந்தக் கற்பும் கெட்டுப்போனதாகத் தகவல் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரமும், புருஷனையோ அண்ணனையோ கெஞ்சிய நேரமும்தான் மிச்சமாயின. இங்கே வந்திருக்கும் நம் இயக்கத் தோழர்களையும் கேட்கிறோம்: மேடையில் பெண்ணுரிமை பேசுகிறோமே, நம்மில் எத்தனை பேர் மனைவிக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்திருக்கிறோம்?

கிராமத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போனால் இந்த வியாதி ஒழிந்துவிடுகிறதா என்றால், வேறு வேஷம் போட்டுக்கொள்கிறது. அங்கே வண்டிகளுக்கே வருணாசிரமம். பெரிய மோட்டார் பிராமணன், சிறிய மோட்டார் க்ஷத்திரியன், மோட்டார் சைக்கிள் வைசியன், சைக்கிள் சூத்திரன், நடக்கிறவன் பஞ்சமன். சூத்திரன் ஒதுங்காவிட்டால் ஹாரன் அடித்து, வசை பாடி, ஓரத்துச் சாக்கடையில் தள்ளப் பார்ப்பார்கள். 1876 இல் லண்டனுக்கு வடக்கே ஸெயின்ட் ஆல்பன்ஸ் ரோட்டில் ஒரு கோச்சு வண்டிக்காரன் சைக்கிள்காரனைச் சாட்டையால் அடித்தான். கூட இருந்த காவற்காரன் கயிற்றில் கட்டிய இரும்புக் குண்டைச் சக்கரத்தில் வீசினான். 2013 இல் கல்கத்தாப் போலீசார் 174 ரோடுகளில் சைக்கிளே போகக்கூடாது என்றார்கள். பால்காரனும் பேப்பர்காரனும் மீன் விற்பவனும் எந்த வழியே போவது? கூக்குரல் எழுந்த பிறகே தடை ஓரளவு தளர்ந்தது.

மோட்டார்க்காரர்கள் சொல்லும் நியாயங்கள் மூன்று. அவற்றையும் பார்த்துவிடுவோம்.

முதலாவது, சைக்கிள்காரன் வரி கட்டுவதில்லையாம். ரோடு போடுவது பொதுப்பணத்தில். தீப்பெட்டியும் சோப்பும் வாங்குகிறவனும் வரி கட்டுகிறான். சைக்கிள் வாங்கும்போதே வரி கட்டுகிறான். முன்பு முனிசிபாலிடிகள் சைக்கிளுக்கே வரி வாங்கித் தகர வில்லை கொடுத்த காலமும் உண்டு. அந்த வில்லையைப் பார்த்து எந்த மோட்டார்ப் பிரபுவாவது வழிவிட்டாரா? அதோடு, ரோட்டை அரைத்துப் பள்ளமாக்குவது லாரியா, சைக்கிளா? இங்கிலாந்தில் மோட்டார் நடமாடுவதற்கு முன்பே, 1886 இல், நல்ல ரோடு வேண்டுமென்று சங்கம் வைத்துப் பாடுபட்டவர்களே சைக்கிள்காரர்கள்தான். டன்லப் என்ற மிருக வைத்தியர் 1888 இல் பேட்டெண்டு வாங்கிய காற்று டயரும், தம் மகனுடைய மூன்று சக்கரச் சைக்கிளுக்காகச் செய்ததுதான். அவர்கள் கேட்ட ரோட்டில், அவர்களுக்காக வந்த டயரில் ஓடிக்கொண்டு, அவர்களையே "ஒதுங்கு" என்பது எவ்வளவு நன்றி கெட்டதனம்!

இரண்டாவது, சைக்கிள்காரன் சட்டத்தை மதிப்பதில்லையாம். சிலர் மதிப்பதில்லை என்பது உண்மைதான். விளக்கில்லாமல் போகிறவனையும், எதிர்ப்பக்கத்தில் வருகிறவனையும் நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் குடித்துவிட்டு மோட்டார் ஓட்டுகிறவன் இருக்கிறான் என்பதற்காக, மோட்டார்க்காரர் எல்லோரும் ரோட்டைவிட்டுப் போங்கள் என்று யாராவது சொல்லுகிறோமா? ஒருவன் செய்த தப்பை அவன் கூட்டம் முழுவதின் தலையிலும் சுமத்துவது ஜாதிப் புத்தி.

மூன்றாவது, மெதுவாகப் போய் வழியை அடைக்கிறானாம். ரோடு பந்தயத் திடல் அல்ல. சைக்கிள் மோட்டார்மேல் மோதினால் மோட்டாருக்குக் கீறல். மோட்டார் சைக்கிள்மேல் மோதினால் ஒரு குடும்பத்துக்குச் சோறு போகும். ஆகையால் அதிகப் பொறுப்பு அதிகப் பளு உடையவனுக்கே. ஹாலந்து தேசத்தில் 1971 இல் ரோட்டு விபத்துக்களில் 3,000 பேருக்குமேல் மாண்டார்கள். அவர்களில் 400 க்குமேல் குழந்தைகள். தாய் தகப்பன்மார் அதை விதி என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று தெருவில் இறங்கினார்கள். பிறகு சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் பெருகின. 2010 முதல் 2024 வரை அங்கே பிரதமராயிருந்த மார்க் ரூட்டே சைக்கிளில் ஆபீசுக்குப் போவார். அவருடைய கவுரவத்தில் ஓரங்குலமும் குறையவில்லை. நம் ஊரிலோ, ஒரு பள்ளிப் பையன் சைக்கிளில் ஏறினால் ஒரு தெருவின் கவுரவமே போய்விடுகிறதாம்!

ஆகவே தோழர்களே! ரோடு யாருடைய தகப்பன் வீட்டுச் சொத்தும் அல்ல. அதில் போகும் பாத்தியதை ஜாதியாலோ, ஆணாய்ப் பிறந்ததாலோ, வண்டியின் விலையாலோ வருவதல்ல. மனிதன் என்பதால் வருவது.

அந்த ஊர்த்தெருப் பெரியவர்கள் சிலர் இக்கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை நாம் விரோதிகளாக நினைக்கவில்லை. நினைத்தால் இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டோம். உங்கள் பிள்ளைகளும் அந்தப் பையனும் ஒரே வகுப்பில், ஒரே சர்க்கார் கொடுத்த ஒரே மாதிரிச் சைக்கிளில் போகிறவர்கள். உங்கள் பிள்ளை ஏறிப்போக, அவன் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்க உங்கள் மனமே கூசவில்லையா?

கூட்டம் முடிந்ததும் நாம் பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். அந்தத் தெரு வழியாகத்தான் போவோம், சைக்கிளில் ஏறித்தான் போவோம். அந்தப் பையனை மட்டும் முன்னே விட்டு வேடிக்கை பார்க்கும் உத்தேசம் நமக்கில்லை. இருபக்கமும் நாம் வருவோம். சைக்கிள் உள்ள தோழர்கள் எல்லோரும் கூட வரவேண்டும். ஊர்த்தெருப் பெரியவர்கள் திண்ணையில் விளக்கேற்றி வைத்து, "வா தம்பி" என்று ஒரு வார்த்தை சொன்னால், அது இன்று நாம் பேசிய இவ்வளவுக்கும் மேலான பிரசங்கமாகும். இன்றைக்கு மட்டும் ஏறினால் போதாது. நாளைக் காலையில் நாம் இங்கே இருக்கமாட்டோம், நீங்கள்தான் இருப்பீர்கள். அவன் பள்ளிக்குப் போகும்போது இறங்காமல் போகிறானா என்பதே இந்த வாசகசாலை இருப்பதற்குப் பிரயோஜனம் உண்டா என்பதற்கு அளவுகோல்.