தடுப்பு ஊசி நஷ்டஈடு: தருமமா, கடனா?

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



தடுப்பு ஊசி போட்டுக் கொண்டதனால் கடுமையாக ஊனமுற்றுப் போனவர்களுக்குச் சர்க்கார் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமா, கொடுத்தால் அதற்கு என்ன பெயர் என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயம். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர், "பகுத்தறிவு பேசுகிறவர்களே தடுப்பு ஊசியைக் குறை சொல்லப் புறப்பட்டு விட்டார்களா?" என்று நினைக்கக்கூடும். அப்படியல்ல. ஊசி வேண்டும் என்பவன்தான் நான். ஊசி வேண்டும் என்கிறவனுக்குத்தான் இந்த விஷயத்தில் பொறுப்பு அதிகம் என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

நம் நாட்டில் வைசூரி கண்டால் என்ன செய்தார்கள்? "ஆத்தாள் வந்து விளையாடுகிறாள்" என்றார்கள். மருந்து கொடுத்தால் அம்மன் கோபித்துக் கொள்வாள் என்றார்கள். வேப்பிலை கட்டினார்கள், கூழ் ஊற்றினார்கள், தீச்சட்டி எடுத்தார்கள். பிழைத்தவனுக்கு அம்மன் அருள் என்றும், செத்தவனுக்குத் தலைவிதி என்றும் கணக்கு எழுதினார்கள். இங்கிலாந்தில் ஜென்னர் என்கிற வைத்தியர் 1796-ஆம் வருஷத்தில் மாட்டம்மைப் பாலை எடுத்து ஒரு பையன் கையில் குத்திப் பார்த்தார். அதிலிருந்து வளர்ந்த முறைதான் வைசூரியைப் பூண்டோடு ஒழித்தது. இந்தியாவில் கடைசியாக வைசூரி கண்டது 1975-இல். உலகத்திலேயே அது ஒழிந்து விட்டதென்று 1980-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. மாரியம்மன் கோயில்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வைசூரி மாத்திரம் இல்லை. அதை ஒழித்தது அம்மனா, அம்மை குத்தியவனா என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

நிற்க, தோழர்களே! அம்மனை விட்டவன் அந்த இடத்தில் ஊசியைக் கொண்டு போய்த் தெய்வமாக வைத்து விடக் கூடாது. ஊசியும் மனிதன் செய்த பொருள்தான். அதற்கும் குணம் உண்டு, குற்றமும் உண்டு. முதல் தடவையாக அம்மை குத்திக் கொண்டவர்களில் பத்து லட்சம் பேருக்கு ஒருவர் இருவர் அதனாலேயே இறந்திருக்கிறார்கள். இளம்பிள்ளை வாதத்திற்கு வாயில் விடுகிற சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. வலுக் குறைத்து வைத்த கிருமி. அது ஏறக்குறைய இருபத்தைந்து லட்சம் தடவை கொடுத்ததில் ஒரு குழந்தைக்கு, எந்த வாதத்தைத் தடுக்க வந்ததோ அதே வாதத்தையே உண்டாக்கி விடுகிறது. இருபத்தைந்து லட்சத்தில் ஒன்று என்பது மிகச் சிறிய கணக்குத்தான். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் காலிழந்து போவதற்கு முன்னால் இது ஒன்றுமேயில்லை. ஆனால் அந்த ஒரு குழந்தையின் தாய்க்கு அது இருபத்தைந்து லட்சத்தில் ஒன்றல்ல. அவளுக்கு அது ஒன்றுக்கு ஒன்று!

அதற்குச் சர்க்கார் என்ன செய்யும், வேறு மருந்துகளும் சிலருக்குக் கெடுதல் செய்கின்றனவே என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. தலைவலிக்காரன் தன் தலைவலி போகத் தனக்கு மருந்து சாப்பிடுகிறான். தடுப்பு ஊசியோ அப்படியல்ல. நோயே இல்லாத குழந்தையைச் சர்க்கார் கூப்பிடுகிறது. ஊரில் பெரும்பாலோர் போட்டுக் கொண்டால்தான் நோய் பரவ வழியில்லாமல் நின்று போகும். ஊசி போட முடியாத கைக்குழந்தையும் நோயாளியும்கூடத் தப்பிப்பார்கள். ஆகவே, "உனக்காக மாத்திரமல்ல, ஊருக்காகவும் போட்டுக் கொள்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஊருக்காகக் கை நீட்டிய குழந்தை ஊனமானால், அந்தப் பாரத்தை அந்த ஒரு குடும்பத்தின் தலையில் போட்டுவிட்டு ஊரார் எல்லாரும் லாபத்தை மட்டும் பங்கிட்டுக் கொள்வது எந்த நியாயம்?

இந்த நியாயத்தை ஜெர்மானியர் முன்னமே ஒப்புக் கொண்டார்கள். அங்கே 1874-ஆம் வருஷத்துச் சட்டப்படி அம்மை குத்திக் கொள்வது கட்டாயமாக இருந்தது. 1953-இல் மேற்கு ஜெர்மனியின் பெரிய கோர்ட்டு, பொது நன்மைக்காக ஒருவன் தன் உடலைப் பலி கொடுக்க நேர்ந்தால் பொதுவிலிருந்து அவனுக்கு ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. 1961-இல் அதைச் சட்டமாகவே எழுதினார்கள். போரில் காயம்பட்ட சிப்பாய்க்கு எந்த முறையில் வைத்தியமும் மாதாமாதம் பென்ஷனும் கொடுத்தார்களோ அதே முறையில் ஊசியால் ஊனமானவர்களுக்கும் கொடுத்து வந்தார்கள். சிப்பாய் தேசத்திற்காகக் காயப்பட்டான் என்றால், கொள்ளை நோயோடு நடக்கிற சண்டையில் இந்தக் குழந்தையும் காயப்பட்டதுதானே!

இனி இங்கிலாந்துக் கதைக்கு வருகிறேன். ஊசியை உலகுக்குக் கொடுத்த அந்த நாட்டில் இந்த ஈடு சுலபமாக வந்துவிடவில்லை. 1970-க்குப் பிறகு சில ஆண்டுகளில், ஊசி போட்ட பின் மூளையும் அவயவங்களும் கெட்டுப் போன பிள்ளைகளின் பெற்றோர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். பார்லிமெண்டில் அவர்களுக்காக வாதாடியவர் ஜாக் ஆஷ்லி என்னும் அங்கத்தினர். அவரே காது அடியோடு கேளாமல் போனவர். பிறர் பேசும்போது உதட்டசைவைப் பார்த்தே விஷயத்தை அறிந்து பார்லிமெண்டில் பேசி வந்தவர். பியர்சன் பிரபு தலைமையில் வைத்த கமிஷன் 1978-இல், சமூக நன்மைக்காகச் சிபாரிசு செய்த ஊசியால் ஒருவர் கடுமையாக ஊனமுற்றால், யார் பேரிலும் குற்றம் ருஜுவாகாவிட்டாலும் அதிகாரத்தில் உள்ளவர்களே பொறுப்பாளி என்று சொல்லிற்று. 1979-இல் சட்டம் வந்தது. 80 சதவிகிதத்திற்குக் குறையாமல் ஊனமுற்றவர்களுக்கு 10,000 பவுன் என்று முதலில் வைத்தார்கள். 2002-இல் ஊன அளவை 60 சதவிகிதமாகக் குறைத்தார்கள். தொகையைப் படிப்படியாக உயர்த்தி 2007-இல் 1,20,000 பவுனாக ஆக்கினார்கள்.

அந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய தேதி ஒன்று உண்டு. 1948 ஜூலை 5-ஆம் தேதி முதல் போட்ட ஊசிகளுக்கு அது செல்லும். அது என்ன நாள்? அங்கே தேசிய வைத்திய ஏற்பாடு தொடங்கிய நாள்; கட்டாய அம்மை குத்தல் சட்டம் எடுபட்டதும் அதே நாள்தான். அதாவது, கட்டாயமில்லாமல், சர்க்கார் சொல்லை நம்பித் தாமாகவே போட்டுக் கொண்டவர்களுக்கும் சர்க்கார் பொறுப்பேற்றது. இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், நம் மத்திய சர்க்கார் 2022-இல் சுப்ரீம் கோர்ட்டில் என்ன சொல்லிற்று தெரியுமா? கொரோனா ஊசி போட்டுக் கொள்வது அவரவர் இஷ்டம், கட்டாயமில்லை. ஆகையால் நஷ்டஈட்டுக்குச் சர்க்கார் பொறுப்பல்ல. வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சொல்லிற்று. கூலிக்காரன் மகளை இழந்துவிட்டு, மருந்துக் கம்பெனியின் பேரில் வக்கீல் வைத்து, அதன் குற்றத்தை எப்படி ருஜுப்பிப்பான்? கட்டாயப்படுத்தினால்தான் பொறுப்பு, நம்ப வைத்தால் பொறுப்பில்லை என்பது எவ்விதத் தர்க்கம்?

இதற்கு எதிராகச் சொல்லப்படுகிற காரணங்கள் இரண்டு. முதலாவது, "ஈடு கொடுத்தால் ஊசியில் கெடுதல் உண்டென்று சர்க்காரே ஒப்புக் கொண்டதாகும்; ஜனங்கள் பயந்து ஓடுவார்கள்" என்பது. நடந்ததைப் பாருங்கள். கக்குவான் இருமல் ஊசியால் பிள்ளைகளின் மூளை கெட்டதாகச் சந்தேகித்து 1974-இல் லண்டன் வைத்தியர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். பத்திரிகைகள் ஊதின. நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் ஊசி போட்டுக் கொண்டிருந்த நாட்டில் 1978-க்குள் அது நூற்றுக்கு முப்பது அளவுக்கு இறங்கிற்று. கக்குவான் கொள்ளை நோயாகக் கிளம்பி லட்சம் பிள்ளைகளைப் பிடித்தது; சில பிள்ளைகள் இறந்தும் போயின. அந்த வீழ்ச்சி எப்போது நேர்ந்தது? ஈட்டுச் சட்டம் இல்லாத காலத்தில். சட்டம் வந்த பிறகு கணக்கு மறுபடி ஏறி, 1990-க்குப் பின் நூற்றுக்குத் தொண்ணூறையும் தாண்டிற்று. சட்டத்தினால்தான் ஏறிற்று என்று நான் சொல்லமாட்டேன். ருஜு இல்லாததைச் சொல்வது நம் வழக்கமல்ல. ஆனால் சட்டத்தினால் இறங்கவில்லை என்பது உறுதி. ஜனங்களைப் பயப்படுத்துவது உண்மை அல்ல. உண்மையை மூடி வைக்கிறார்களோ என்கிற சந்தேகமே.

இரண்டாவது, "ஊசியால் வராததையும் ஊசியால் வந்ததென்று சொல்லுகிறார்களே" என்பது. இது நியாயமான ஆட்சேபணை. ஊசிக்குப் பின் வந்ததெல்லாம் ஊசியால் வந்ததாகாது. காக்கை உட்கார்ந்ததும் பனம்பழம் விழுந்தால் காக்கைதான் தள்ளிற்று என்பது மூடத்தனம். அந்தக் கக்குவான் ஊசி விஷயத்திலேயே, அது நிரந்தரமாக மூளையைக் கெடுக்கும் என்பது ருஜுவாகவில்லை என்று 1988-இல் லண்டனில் ஒரு ஜட்ஜி விரிவாக விசாரித்துத் தீர்ப்பளித்தார். பிறகு 2006-இல் ஆராய்ந்தவர்கள், ஊசியால் கெட்டதாகக் கருதிய பிள்ளைகளில் பலருக்குப் பிறவியிலேயே இருந்த ஒரு கோளாறே காரணமென்று கண்டார்கள். இதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் இதிலிருந்து ஏற்படுவது என்ன? சரியாக விசாரித்துக் கொடு என்பதே தவிர, யாருக்குமே கொடாதே என்பதல்ல. சொட்டு மருந்தால் வந்த வாதம் பரிசோதனையில் தெளிவாய்த் தெரிகிறது. 2021-இல் ஆக்ஸ்போர்டில் கண்டுபிடித்த கொரோனா ஊசியால் லட்சத்தில் ஒருவர் இருவருக்கு ரத்தம் உறைந்து போனதையும் வைத்தியர்களே கண்டு சொன்னார்கள். இவற்றில் சந்தேகம் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். 1986-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். ஒவ்வொரு ஊசியிலும் அது தடுக்கிற ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரியாக எடுத்து ஒரு நிதியில் போட்டார்கள். கம்பெனியின் குற்றத்தை ருஜுப்பிக்க வேண்டியதில்லை. கெடுதல் ஊசியால் வந்ததென்று தெரிந்தால் போதும். 1988 முதல் அந்த வழியில் ஏறக்குறைய 500 கோடி டாலர் கொடுபட்டிருக்கிறது. ஊசியால் தப்பித்த ஒவ்வொருவனும் சில்லறைக் காசு போட்டு, தப்பாதவனுக்குத் தோள் கொடுக்கிறான் என்பதே இதன் பொருள்.

இங்கிலாந்துச் சட்டம் நல்லதே ஆயினும் அதில் கோணல் இருக்கிறது. 60 சதவிகித ஊனம் என்றால் எவ்வளவு? தொழிற்சாலைக் காயங்களுக்கு வைத்திருக்கிற பட்டியலைக் கொண்டு அளக்கிறார்கள். அதன்படி ஒரு கை போனால் 60. ஒரு கண் போனால் 40. அதாவது ஊசியால் ஒரு கண்ணை இழந்தவன், அது ஊசியால்தான் என்று சர்க்காரே ஒப்புக் கொண்டாலும், ஒரு காசும் பெறமாட்டான்! கொரோனா ஊசிக்காகப் பதினாயிரத்துக்கு மேற்பட்ட மனுக்கள் போயின. மிகப் பெரும்பாலானவை தள்ளுபடியாயின. ஊசிதான் காரணம் என்று ஒப்புக் கொண்டும், அறுபது நிறையவில்லை என்று தள்ளப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. 2007-இல் வைத்த தொகைக்குப் பிறகு அந்நாட்டு விலைவாசி ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. கடனைத் தீர்க்கிறவன் இப்படியா செய்வான்? நூறு ரூபாய் கடனில் ஐம்பத்தொன்பது பாக்கி இருந்தால், அறுபது ஆகவில்லையே என்று கடைக்காரனிடம் சொல்லித் தப்ப முடியுமா? தருமம் கொடுக்கிறவன்தான் "இவ்வளவுக்கு மேல் கஷ்டப்படுகிறவனுக்கு மாத்திரம் போடுவேன்" என்பான். நஷ்டத்தின் அளவுக்குத் தக்கபடி கொடுப்பதுதான் கடனுக்கு அடையாளம்.

தோழர்களே! இந்த இடத்தில்தான் சுயமரியாதை வருகிறது. ஊசியால் முடமானவன் வாசலில் நின்று பிச்சை கேட்கிறவனல்ல. நம் எல்லோருக்குமாகச் செலவு செய்துவிட்டுக் கணக்குக் கேட்கிறவன். அவனைப் பார்த்து "ஐயோ பாவம், தலைவிதி" என்பது பழைய மாரியம்மன் புத்தி. "லட்சத்தில் ஒன்று, அதற்கென்ன செய்வது" என்பது அந்த விதியையே சட்டை மாற்றிக் கொண்டு வருகிற புதிய புத்தி. கணக்கு என்பது ஒருவனைக் கைவிடுவதற்குச் சாக்கல்ல. எத்தனை பேருக்கு வரும் என்று முன்கூட்டியே நமக்குத் தெரிகிறதென்றால், அவர்களுக்கு வேண்டியதை முன்கூட்டியே எடுத்து வைக்கவும் நம்மால் முடியும் என்றே பொருள்.

ஆகவே, உங்கள் பிள்ளைகளுக்குத் தவறாமல் ஊசி போடுங்கள். ஊசியைத் தடுக்கிற பூசாரியையும், பொய்ச் செய்தி பரப்புகிறவனையும் நம்பாதீர்கள். அதே வாயால் சர்க்காரைப் பார்த்தும் கேளுங்கள்: "எங்கள் பிள்ளையின் கையை நீட்டச் சொன்னாயே, அந்தக் கை விளங்காமல் போனால் உன் கை எங்கே?" என்று. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் பகுத்தறிவு.