பூசணம் பிடித்த கச்சானும் நம் கல்லீரலும்



மழைக்காலம் வந்துவிட்டால் திகாம் பத்து, சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் துவைத்த துணிகூடக் காய்வதில்லை. அடுக்களையில் இருக்கும் கச்சானும் சோளமும் காய்ந்த மிளகாயும் மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்? ஈரம் ஏறினால் அவற்றில் பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம் படர்கிறது. அதில் ஒருவகை, அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் மாண்டன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சு தெரியவந்தது. 1974இல் இந்தியாவின் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் காமாலை கண்டு இறந்தனர். அதே சோளத்தைத் தின்ற நாய்களும் செத்தன. நம் நாட்டில், 1988 அக்டோபரில், பேராக் மாநிலத்தில் அரிசிமாவு மீ சாப்பிட்ட 13 குழந்தைகள் கல்லீரல் செயலிழந்து மாண்டார்கள். அவர்களின் உடலில் இந்த நஞ்சு காணப்பட்டது.

கல்லீரலை ஏன் தாக்குகிறது? உண்ட நஞ்சை முறிப்பது கல்லீரலின் வேலை. ஆனால் இந்த நஞ்சைக் கல்லீரல் மாற்றும்போது, அது முன்னைவிடக் கொடியதாகி அங்குள்ள உயிரணுக்களையே கெடுக்கிறது. அதிகமாக உண்டால் காமாலை, வாந்தி, மயக்கம் வரும். சிறுகச் சிறுகப் பல ஆண்டுகள் உண்டால் கல்லீரல் புற்றுநோய் வரலாம். ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு. நம் நாட்டில் குழந்தைகளுக்கு 1989 முதல் போடப்படும் அந்தத் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

"நன்றாக வறுத்துவிட்டால் போகாதா?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. போகாது. கழுவினாலும் அவித்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் நஞ்சு முழுதாக அழியாது. சம்பலில் போட்டுக் காரத்தால் மறைத்தால் கசப்புதான் மறையும். கோழிக்கும் வாத்துக்கும் போடாதீர்கள். அவற்றின் ஈரலும் கெடும்.

ஆகவே, கச்சானைக் கொஞ்சமாக வாங்குங்கள். வெயில் கண்ட நாளில் காயவைத்து, இறுக மூடும் டின்னில் போட்டு, தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதையும் பொறுக்கி எறியுங்கள். டின் முழுவதும் பூசணம் என்றால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு வீணாகிறதே என்று மனம் வலிக்கும். அதற்காகப் பிள்ளையின் தட்டில் அதை வைத்துவிடாதீர்கள்.

கண் மஞ்சளானால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.