வரவும் செலவும்



கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. கூடை சுமந்து, சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த நம் பாட்டிமார்கள் தட்டு நிறையச் சோறு உண்டார்கள். உழைப்பில் அது கரைந்துவிட்டது.

உடம்பும் ஒரு கணக்குப் புத்தகந்தான். உணவு வரவு, உழைப்பு செலவு. மிஞ்சும் வரவு கொழுப்பாகச் சேரும். இன்றும் மலையேறி உழைப்பவருக்கு வயிறாரச் சோறு வேண்டும். ஆனால் உட்கார்ந்து வேலை பார்ப்பவரும் அதே அளவு உண்ணலாமா?

2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்கள் நூறு பேரில் 18 பேருக்கு இனிப்புநீர் நோய். இந்தியர்களிலோ நூற்றுக்கு 31 பேர்!

வழி எளிது. தட்டில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு. பாதித் தட்டு காய்கறி, பழம். முட்டைக்கோசும் கீரையும் நம் மலையிலேயே விளைகின்றனவே! டின்பாலில் ஏறக்குறையப் பாதி சீனிதான். ஆகவே தேநீரில் அதைக் குறையுங்கள். மாலையில் அரைமணி நேரம் வேகமாக நடங்கள். இனிப்புநீருக்கு மருந்து சாப்பிடுபவர்கள் கிளினிக்கில் கேட்டுக்கொண்டு உணவை மாற்றுங்கள்.

இன்றிரவே தட்டைப் பார்த்துப் பரிமாறுங்கள், தாய்மார்களே.